பிரஷர் ஏறினால் எரியும் விளக்கு

எங்கள் வண்டிக்கு மூன்று பேர். ஓட்டுவது என் மச்சினன். ஓடவைப்பது அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி. மீதியெல்லாம் நான். மீதி என்றால் டிரெய்லர் ஓட்டுவது, டயர் துடைப்பது, வேகத்தைக் குறைக்கப் பின்னால் விரியும் பாராசூட்டை மடிப்பது, கேன் கேனாக எரிபொருள் மெத்தனால் தூக்குவது, ஓட்டம் முடிந்ததும் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவருவது, அக்காவும் தம்பியும் முட்டிக்கொள்ளும்போது நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் உடம்பில் தெம்பு அதிகம் வேண்டும்.

ஆனாலும் பந்தய மைதானத்தில் யாராவது எங்கள் கூடாரத்துக்குள் தலையை நீட்டினால் நேரே என்னிடம்தான் வருவார்கள். தலை நரைத்த ஆள், கையில் ஸ்பேனர், முகத்தில் கடுகடுப்பு. இவர்தான் பெரிய கை என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். "சார், இன்னைக்கு எத்தனை பவுண்டு பிரஷர் வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். நான் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைக் காட்டுவேன். "அந்தக் காலைக் கேளுங்க" என்பேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. உண்மையைச் சொன்னால், இதைச் சொல்வதற்காகவே நான் வாசல் பக்கம் நிற்கிறேன்.

அந்தக் கால்களுக்கு உரியவளை மைதானத்தில் எல்லோரும் பிரஷர் அக்கா என்பார்கள். எனக்கும் பிரஷர் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். அதைப் பற்றி எவனும் விசாரித்ததில்லை.

வாரம் முழுக்க அவள் டீசல் பம்ப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறாள். பந்தயம் வந்தால் பட்டறையின் பின்னறை எங்கள் வண்டிக்கு. பந்தயம் என்பது ஒன்றும் சுற்றி வளைத்ததல்ல. கால் மைல் நேர்ப்பாதை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வண்டி, யார் முதலில் அந்த முனையைத் தொடுகிறார்களோ அவர் அடுத்த சுற்றுக்கு, மற்றவர் வீட்டுக்கு. நீங்கள் ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தத் தும்மல் நேரத்துக்காகத்தான் மாதக்கணக்கில் சண்டை.

எங்கள் எஞ்சினில் எரிபொருளைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. எஞ்சின் சுற்றினால் பம்ப் சுற்றும். பம்ப் சுற்றினால் மெத்தனால் வரும். வேகமாகச் சுற்றினால் அதிகம் வரும். வந்தது எட்டு நாசில் வழியாக எட்டு சிலிண்டருக்குப் போகும். மிச்சம், ஒரு சின்ன ஜெட் வழியாக டாங்குக்கே திரும்பிவிடும். அந்த ஜெட்டின் துளையைப் பெரிதாக்கினால் திரும்பிப்போவது கூடும், எஞ்சினுக்குக் கிடைப்பது குறையும். கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் வண்டி பறக்கும். இன்னும் கொஞ்சம் குறைந்தால் பிஸ்டன் உருகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மயிரிழை. அந்த மயிரிழையில்தான் என் மனைவி குடித்தனம் நடத்துகிறாள்.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் எட்டு நாசிலையும் கழற்றி பெஞ்சில் வரிசையாக மாட்டுவாள். ஒரே அழுத்தத்தில், ஒரே நேரத்துக்கு, எட்டுக் கண்ணாடிக் குழாய்களில் பீச்சவிடுவாள். பிறகு குனிந்து, கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். ஒன்றில் ஒரு கோடு குறைந்தாலும் அந்த நாசிலுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. வண்டியில் இருக்கும் பிரஷர் கேஜையும் சும்மா விடமாட்டாள். பட்டறையில் துணி சுற்றிப் பூட்டி வைத்திருக்கும் பெரிய கேஜோடு அதைச் சேர்த்து மாட்டி, கைப்பம்பால் அழுத்தி, இரண்டு முள்ளும் ஒரே பேச்சுப் பேசுகின்றனவா என்று பார்ப்பாள். பொய் சொல்கிற கேஜை வைத்துக்கொள்வதைவிட கேஜே இல்லாமல் ஓட்டலாம் என்பது அவள் கட்சி. அவளை எதிர்த்துக் கட்சி கட்ட எங்கள் வீட்டில் ஆள் இல்லை, ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன்தான் அவசரம். பெற்றோர் வைத்த பேர் வேறு. ஆஸ்பத்திரி வாசல் வரைகூடப் பொறுக்காமல் வாடகைக் காரின் பின்சீட்டிலேயே பிறந்தவன், அதனால் இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. பேருக்கு ஏற்ற பிள்ளை. பச்சை விளக்கு எரிந்ததும் மற்றவர்கள் காலை அழுத்துவார்கள், இவன் விளக்குக்கு எரியத் தோன்றும்போதே அழுத்திவிடுவான். அதில் குறை சொல்ல முடியாது, அவனைப்போல் கிளம்புகிற ஆள் அந்த மைதானத்தில் இல்லை. அழுத்திய காலை எடுக்கத் தெரியாது, அதுதான் பிரச்சினை. எங்களுடைய முதல் எஞ்சின் அப்படித்தான் போனது. பாதி வழியில் ஒரு சிலிண்டர் சத்தம் மாறியது, எனக்கே கேட்டது, இவனுக்குக் கேட்காமலா இருக்கும். எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டு, பின்னால் புகை விட்டுக்கொண்டு வந்து இறங்கி, "ஜெயிச்சேன்ல" என்றான். பிஸ்டன் மெழுகுவத்தி மாதிரி வழிந்திருந்தது. எஞ்சின் பிளாக்கில் விரிசல். பிரித்துப் பார்த்த என் மனைவி மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அவனும் பேசவில்லை. நான் இருவருக்கும் தபால்காரனாக இருந்தேன்.

அதற்கப்புறம் வாங்கிய எஞ்சின்தான் இப்போது இருப்பது. இது போனால் இன்னொன்று இல்லை. அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். ஸ்டியரிங்குக்கு மேலே, அவன் கண்ணுக்கு நேராக, ஒரு சிவப்பு விளக்கைப் பொருத்தினாள். மெத்தனால் பிரஷர் ஒரு அளவைத் தாண்டினால் அது எரியும்.

மைதானமே சிரித்தது. மற்ற வண்டிகளிலும் இப்படி விளக்கு உண்டு, ஆனால் அது பிரஷர் இறங்கினால் எரிவது. பக்கத்துக் கூடாரத்து வெல்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, வயரைத் தலைகீழா மாட்டிட்டீங்க. பிரஷர் இறங்கினாத்தானே எஞ்சின் பட்டினி கிடக்கும்? ஏறினா விருந்துதானே?" என்றார்.

அவள் தலையைத் திருப்பாமல் சொன்னாள். "வீட்ல செடிக்குத் தண்ணி விடறீங்கல்ல. குழாய் வாயைக் கட்டைவிரலால பாதி அடைச்சா எப்படிப் பீச்சுது? அதுக்காகத் தண்ணி கூடிப் போச்சுன்னு அர்த்தமா?"

"இல்ல."

"பம்ப் ஒரு சுத்துக்கு இவ்வளவுன்னுதான் தள்ளும். அதே சுத்து, அதே ஜெட், பிரஷர் மட்டும் ஏறுதுன்னா எங்கயோ ஒரு வாய் அடைச்சிருக்குன்னு அர்த்தம். ஏழு பேருக்கு விருந்து, ஒருத்தனுக்குப் பட்டினி. அந்த ஒருத்தன்தான் எரிஞ்சுபோவான்."

வெல்டர் தாடையைத் தடவிக்கொண்டு போனார். புரிந்ததா என்று தெரியாது. மச்சினனுக்குப் புரிந்தது, ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த விளக்குக்கு அவன் வைத்த பேர் 'அக்காவோட முறைப்பு'. "இன்னைக்கு முறைப்பு எத்தனை பவுண்டுக்கு மேல?" என்று கேட்பான். எங்கள் எஞ்சின் நன்றாக ஓடும்போது உச்சத்தில் தொண்ணூறு பவுண்டு காட்டும். விளக்கைத் தொண்ணூற்றைந்துக்கு வைத்திருந்தாள்.

இவ்வளவும் சொன்னது அன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான்.

அன்று நாங்கள் இரண்டு சுற்றும் அரையிறுதியும் ஜெயித்துவிட்டோம். இறுதிச் சுற்றுக்கு எங்கள் வண்டி போவது அதுதான் முதல் தடவை. எதிரே பல் டாக்டரின் கறுப்பு வண்டி. உண்மையிலேயே பல் டாக்டர்தான். வாரநாளில் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை பறப்பார். நல்ல மனிதர், நல்ல வண்டி, எங்களைவிட ஒரு இமைப்பு வேகம். நான் கூடாரத்தில் டயரைத் துடைக்கிறேன் என்ற பேரில் ஒரே டயரைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். மனசெல்லாம் கோப்பை.

மனைவி வண்டியில் பிரஷரைப் பதிவுசெய்யும் ரெக்கார்டரை எடுத்து மடிக்கணினியில் செருகி, அரையிறுதி ஓட்டத்தின் பிரஷர் கோட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தொண்ணூத்தி நாலு" என்றாள்.

மச்சினன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "ஆமா, முறைக்கவே இல்லையே. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழதானே? நாலு பவுண்டு சும்மா கிடைச்சிருக்கு அக்கா. எரிபொருள் ஜாஸ்தியாப் போகுது. ஜெட்டை ஒரு நம்பர் பெருசு போடு, மிச்சத்தை டாங்குக்கு அனுப்பு. டாக்டரைத் தூக்கிச் சாப்பிட்டுடலாம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கோப்பை மேல் ஆசை வந்தவனுக்கு எல்லாமே நியாயமாகப் படும். அவள் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில் என் கையிலிருந்த துணி நின்றது.

"காலைலேருந்து ஜெட்டை மாத்தல. நாசிலை மாத்தல. வெயில் அதே வெயில். அந்த நாலு பவுண்டை யாரு கொண்டுவந்து குடுத்தா?"

வெப்பம் காட்டும் கருவியை எடுத்து எட்டு எக்ஸாஸ்ட் குழாய்களிலும் வரிசையாகக் காட்டினாள். ஆறாவது மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது. ஆறாவது நாசிலைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். துளையின் ஓரத்தில், பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. முனை மழுங்கிய இடுக்கியால் மெல்ல இழுத்தாள். வந்தது. தண்ணீர்க்குழாய் வேலை செய்பவர்கள் மரையில் சுற்றுவார்களே, அந்த வெள்ளை டேப்பின் துணுக்கு.

மச்சினன் முகத்தில் ரத்தமே இல்லை.

"காலைல மெத்தனால் குழாய் இணைப்புல லேசாக் கசிஞ்சுது அக்கா. நீ பதிவு பண்ணப் போயிருந்தே. நான்தான்..."

"டேப் சுத்தினியா?"

"ரெண்டு சுத்துதான்."

அவள் திட்டவில்லை. கத்தியிருந்தால் அவன் பயந்திருக்கமாட்டான், கத்தல் அவர்கள் குடும்பத்தில் காப்பி மாதிரி, வேளாவேளைக்கு உண்டு. அவள் அந்த இணைப்பைப் பிரித்து, மரையைச் சுரண்டி, குழாய்களைக் கழற்றி, அவற்றுக்குள் மெத்தனாலை ஊற்றி வெள்ளைத்துணி விரித்த தட்டில் வடிகட்டினாள். அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். துணியில் இன்னும் சில துணுக்குகள் வந்து விழுந்தன. மறுபடி ஊற்றினாள். ஒன்று விழுந்தது. மறுபடி ஊற்றினாள். எதுவும் விழவில்லை. அதற்குள் ஒலிபெருக்கியில் இறுதிச் சுற்று வண்டிகளை வரிசைக்கு அழைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "போக வேண்டாம்" என்றாள்.

"அக்கா, ஃபைனல்."

"உள்ள இன்னும் எத்தனை கிடக்குன்னு எனக்குத் தெரியாது. பம்புக்குள்ள இருக்கலாம், வால்வு வளைவுல இருக்கலாம். ஓடறப்போ ஒண்ணு கிளம்பி வந்தா போச்சு. இருக்கறது இந்த ஒரு எஞ்சின்."

"தெரியும்."

"எஞ்சின் போனா நான் அழுதுட்டு எந்திரிச்சிடுவேன். பிளாக் கிழிஞ்சு நெருப்பு பிடிச்சா? மெத்தனால் நெருப்பு பகல்ல கண்ணுக்கே தெரியாது. உள்ள உட்கார்ந்திருக்கறது நீ."

அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். பிறகு, "உன் விளக்கு எரிஞ்சா காலை எடுத்துடறேன்" என்றான்.

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "யாரு, நீ?"

"நான்தான்."

"டாக்டரை முந்திக்கிட்டு போறப்போ?"

"முந்திக்கிட்டு போறப்போவும்."

அவள் என்னைப் பார்த்தாள். இந்த மாதிரி நேரங்களில் நான் வாயைத் திறக்காமல் இருந்தால் உலகத்துக்கே நல்லது. ஆனால் கோப்பை கண்ணுக்குள்ளேயே நின்றது. "போகட்டும் விடு, பிள்ளை இவ்வளவு சொல்றான்ல" என்றேன். சொன்ன கையோடு துடைத்த டயரையே மறுபடி துடைக்கக் குனிந்தேன்.

அவள் பட்டறையிலிருந்து கூடவே கொண்டுவந்திருந்த பெரிய கேஜையும் கைப்பம்பையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்தாள். விளக்கை எரியவைக்கும் சுவிட்சை அங்கேயே கைப்பம்போடு மாட்டி, முள்ளைப் பார்த்துக்கொண்டே மெல்ல அழுத்தினாள். தொண்ணூற்றைந்தில் சிவப்பு எரிந்தது. சுவிட்சில் அளவை மாற்றும் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினாள். மறுபடி அழுத்தினாள். தொண்ணூற்று நாலு. இன்னும் ஒரு துளி தளர்த்தினாள். தொண்ணூற்று மூன்றில் எரிந்தது. இறக்கினாள், அணைந்தது. ஏற்றினாள், எரிந்தது. அதே இடத்தில் மூன்று முறை எரியும்வரை விடவில்லை. வரிசையில் வண்டிகளை நிறுத்தும் அதிகாரி வந்து கடிகாரத்தைக் காட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் நடுவில் நின்று அசடு வழிந்தேன்.

"சுத்தமா இருந்தா தொண்ணூறைத் தாண்டாது" என்று தம்பியிடம் சொன்னாள். "தொண்ணூத்தி மூணுல முறைக்கும். முறைச்சா யோசிக்காதே."

"சரி."

"சரின்னு நீ நிறைய தடவை சொல்லியிருக்கே."

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

ஜெட்டை அவள் மாற்றவில்லை. டாக்டர் எங்களைவிட வேகம் என்று தெரிந்தும், ஒரு நம்பர்கூட மாற்றவில்லை. அவளுக்கும் கோப்பை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும், அந்த இறுதிச் சுற்றை அவள் சமையலறையில் பாத்திரம் கழுவும்போதே எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். இருந்தும் கை ஜெட் பக்கம் போகவில்லை. அவளோடு வாழ்கிறேன் என்று மார்தட்டிக்கொள்வது சும்மா இல்லை.

டயர்களைச் சுழலவிட்டுச் சூடாக்கினார்கள். புகை எங்கள் மேல் வந்து படிந்தது. இரண்டு வண்டியும் கோட்டுக்கு ஊர்ந்து வந்தன. நான் தடுப்புச்சுவரோரம் ஓடி இடம் பிடித்தேன். என் மனைவி வழக்கம்போல் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஒரு ஓட்டத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. கண் குறுக்கே வந்தால் காது சரியாக வேலை செய்யாதாம்.

பச்சை.

மச்சினன் கிளம்பியதைப் பார்த்திருக்கவேண்டும். டாக்டரின் முன்சக்கரம் அசைவதற்குள் எங்கள் வண்டி தன் நீளத்துக்குப் போய்விட்டது. சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் கையை விட்டு உலுக்கியது. முதல் கியர், எங்கள் வண்டி முன்னால். இரண்டாவது, எங்கள் வண்டி முன்னால். டாக்டர் நெருங்குகிறார், ஆனால் போதாது, பாதை போதாது அவருக்கு. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எம்பிக் குதிக்க ஆரம்பித்துவிட்டேன். கோப்பையை வீட்டில் எந்த அலமாரியில் வைப்பது என்பதுவரை போய்விட்டேன்.

மூன்றாவது கியரில் எங்கள் எஞ்சின் சத்தம் விழுந்தது.

வெடிக்கவில்லை, புகையவில்லை. சும்மா விழுந்தது. கால் எடுத்தால் விழுமே, அப்படி. கறுப்பு வண்டி பக்கத்தில் வந்து, தாண்டி, போய்விட்டது. எதிர்முனையில் ஜெயித்தவருக்கான விளக்கு டாக்டர் பக்கம் எரிந்தது. எங்கள் பாராசூட், நான் மடித்த பாராசூட், அழகாக விரிந்தது. அது ஒன்றுதான் குறைச்சல்.

நான் கத்தியதை இங்கே முழுசாக எழுத முடியாது. எழுதக்கூடிய பகுதி இது. "ஏண்டா, கால் மரத்துப் போச்சாடா உனக்கு? கைக்கு எட்டினதைக் கோட்டை விட்டுட்டு பாராசூட் வேற விரிக்கிறியா?" இரண்டு எஞ்சினும் அடங்கிப்போன நேரம் அது. மைதானத்தில் அந்த நிமிடம் ஓடிக்கொண்டிருந்த ஒரே எஞ்சின் என் தொண்டைதான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கைதட்டல்.

திரும்பினேன். என் மனைவி கைதட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் பாதைக்கு முதுகைக் காட்டியபடிதான் நின்றாள். கண் மூடியிருந்தது. நாங்கள் ஜெயித்த ஒரு சுற்றுக்கும் அவள் இதுவரை கைதட்டியதில்லை, ஜெயித்த கையோடு ரெக்கார்டரைக் கேட்பாள், அவ்வளவுதான். இன்று தோற்ற சுற்றுக்கு, தனியாக, வலிக்க வலிக்கத் தட்டினாள். நான் குதித்ததில் கீழே விழுந்திருந்த தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு இழுவை வண்டியை நோக்கிப் போனேன். வேறு என்ன செய்வது.

பாதையின் முடிவில் மச்சினன் பின்டயர் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். ஹெல்மெட் தரையில் கிடந்தது.

"எரிஞ்சுது மாமா" என்றான்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மினுக்கு."

ஒரு மினுக்குக்கா கோப்பையை விட்டாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். என் வாழ்நாளில் நான் விழுங்கியவற்றில் கஷ்டமானது அது.

"அக்கா என்ன சொன்னா?"

"கை தட்டினா."

"விளையாடாதீங்க மாமா. நானே நொந்துபோயிருக்கேன்."

"நான் எதுக்கு மாப்ளே விளையாடறேன். நான் திட்டினேன், அவ கை தட்டினா."

"நீங்க திட்டினது கேட்டுது. எஞ்சினைவிட உங்க சத்தம்தான் நல்லாக் கேட்டுது." கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு, எங்கள் வண்டிக்குள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.  அவசரம் என்று பேர் வாங்கியவன் அன்று நான் இழுத்த இழுப்புக்கு மெல்ல உருண்டுவந்தான்.

கூடாரத்தில் அவள் ஏற்கெனவே கருவிகளைப் பரப்பி வைத்திருந்தாள். வண்டி நின்றதும் வேலை தொடங்கிவிட்டது.  எட்டு ஸ்பார்க் பிளக்கும் வெளியே வந்தன. ஏழு ஒரே நிறம். மூன்றாவது மட்டும் சூட்டில் வெளிறியிருந்தது, ஆனால் பீங்கான் உடையவில்லை, அதில் உருகிய உலோகப் பொட்டு ஒன்றுகூட இல்லை. மூன்றாவது நாசிலைக் கழற்றினாள். துளையின் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் துணுக்கு. பிளக் துளை வழியாகச் சின்ன கேமராவை இறக்கிப் பிஸ்டன் தலையைப் பார்த்தாள். மழமழவென்று முழுசாக இருந்தது. அவள் தோள் இரண்டும் ஒரு அங்குலம் இறங்கியதை நான் பார்த்தேன்.

பல் டாக்டர் கோப்பையோடு வந்தார், கூடவே வெல்டர். டாக்டருக்குக் கோப்பையை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியவில்லை. "நீங்கதாங்க முன்னாடி இருந்தீங்க. ஜெயிச்ச மாதிரியே இல்லை எனக்கு. என்ன ஆச்சு?" என்றார்.

மச்சினன் ஒரு மூலையில் கேன் மேல் உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

என் மனைவி மடிக்கணினியை அவர்கள் பக்கம் திருப்பினாள். திரையில் பிரஷர் கோடு. ஒவ்வொரு கியரிலும் மலை மாதிரி ஏறி ஏறி இறங்குகிறது. முதல் இரண்டு மலையும் தொண்ணூறில் நிற்கின்றன. மூன்றாவதின் உச்சி, தொண்ணூற்று மூன்று என்று அவள் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கு மேலே நகநுனி அளவுக்கு எட்டிப் பார்க்கிறது. அவ்வளவுதான். அடுத்த நொடி கோடு செங்குத்தாகக் கீழே விழுகிறது. அது அவன் காலை எடுத்த இடம்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இவ்வளவுக்கா காலை எடுத்தாரு? இது எரிஞ்சதே கண்ணுல பட்டிருக்காதே."

"பட்டிருக்கு" என்றாள். "படலன்னு சொல்லியிருக்கலாம். யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. நானே நம்பியிருப்பேன்."

பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். நாங்கள் எல்லோரும் அங்கே இருப்பதை மறந்துவிட்டாளோ, இல்லை, எங்களுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாளோ, தெரியாது.

"இந்த விளக்கை வச்சது நான். அளவைக் குறிச்சதும் நான். ஆனா முன்னாடி பாதை காலியா இருந்து, பக்கத்துல டாக்டர் பின்தங்கி வந்து, நான் அந்த சீட்டுல இருந்திருந்தா, இவ்வளவு சின்ன மினுக்குக்குக் காலை எடுத்திருப்பேனான்னு சத்தியமா எனக்குத் தெரியலடா."

மச்சினன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.  அவள் கிட்டே போய், எண்ணெய்க் கையோடு, அவன் தலைமுடியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். "உன்னை நம்பி எந்த எஞ்சினையும் குடுப்பேன்" என்றாள்.

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இதை இன்னொரு தடவை சொல்லு அக்கா. மாமா ஃபோன்ல பதிவு பண்ணட்டும்."

"போடா. வந்து நாசிலைக் கழுவு. டேப் பக்கம் கையை வச்சே, வெட்டிடுவேன்."

டாக்டர் சிரித்தார். வெல்டர் குனிந்து சிவப்பு விளக்கையும் அதன் வயரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.  அழுதுவிடுவேன் போலிருந்ததால் வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வந்ததும்தான் உறைத்தது. நான் கத்தியதை மைதானம் முழுக்கக் கேட்டிருக்கிறது. என் மச்சினன் பயந்துபோய்க் காலை எடுத்தான் என்றுதான் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள், நானே ஊரைக் கூட்டி அப்படிச் சொல்லியிருக்கிறேன். அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு முதல் கூடாரத்துக்குள் நுழைந்தேன். "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஒருத்தன் கத்தினானே, அது நான்தான், நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். என் மனைவி எந்த அளவில் விளக்கை வைத்தாள், ஏன் ஏறினால் எரிய வைத்தாள், என் மச்சினன் எவ்வளவு சின்ன மினுக்குக்கு ஒரு இறுதிச் சுற்றையே விட்டுக்கொடுத்தான், உள்ளே பிஸ்டன் எப்படி முழுசாக இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த கூடாரத்திலும் சொன்னேன். டயர் விற்கிறவரிடம் சொன்னேன். விளக்குக் கம்பத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அதிகாரியை நிறுத்திவைத்துச் சொன்னேன். ஒருவர் விடாமல் எல்லோரிடமும் ஒரு தடவை சொன்னேன். ஜெயித்தவர்களின் கூடாரத்தில் மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.